மில்லிக்குத் தெரிந்த ஒரு சொல்

நோர்பரி, லண்டன்
11 பெப்ரவரி 2024

அன்புள்ள அக்காவுக்கு,

ஆண்டவர் புண்ணியத்தில் நான் சுகம். குளிருக்கு முழங்கால்தான் முறுக்குகிறது. உங்கள் பிறஷர் எப்படி? பாசையூரில் கடல்காற்று அடங்கிவிட்டதா?

போனில் இப்போது உங்களுக்கு ஒன்றும் கேட்பதில்லை என்று பக்கத்து வீட்டு ஜெயகௌரி சொன்னாள். எனக்கும் தெரியும். "அங்கை மழையோ?" என்று கேட்டால் "ஓம், சாப்பிட்டன்" என்கிறீர்கள். இனிக் கடிதம்தான். இரண்டு பேரும் கத்தத் தேவையில்லை.

முதலில் ஒரு செய்தி. திட்டாமல் வாசியுங்கள். நான் ஒரு நாய் வளர்க்கிறேன். இவர் கண்மூடிய பிறகு வீடு வெறிச்சோடிக் கிடக்கிறது என்று மகள் மாலினி நாய்க் காப்பகத்திலிருந்து ஒன்றைக் கொண்டுவந்து விட்டாள். விட்டுவிட்டு மான்செஸ்டருக்கு வேலைக்குப் போய்விட்டாள். பெயர் மில்லி. கறுப்பு நிறம், நெஞ்சில் வெள்ளை. வீட்டுக்குள் தங்கமான பிள்ளை. வெளியே இன்னொரு நாயைக் கண்டால் மட்டும் லீட்டை இழுத்துக்கொண்டு பாய்ந்து குரைக்கும். லீட் என்றால் கழுத்துப் பட்டியில் கொழுவிப் பிடிக்கும் வார். போன மாதம் ஒரு வெள்ளைக்காரக் கிழவியின் நாயுடைய காதைக் கவ்விவிட்டது. பெரிய காயமில்லை. ஆனால் இன்னொரு தரம் நடந்தால் மில்லியைத் திருப்பி எடுத்துக்கொள்வோம் என்று காப்பகத்தில் சொல்லிவிட்டார்கள்.

ஆகவே சனிக்கிழமைகளில் பார்க்கில் வகுப்புக்குப் போகிறேன். கொலின் என்று ஒருவர் படிப்பிக்கிறார். இரண்டு நாய்களை நேருக்கு நேர் நடத்திக்கொண்டு போய் மூக்கோடு மூக்கு முட்ட விடக்கூடாதாம். நாய்களுக்கு அது பெரிய மரியாதைக் கேடாம். வளைந்து, பக்கவாட்டில், பார்க்காதது போலப் பார்த்துக்கொண்டு கிட்டப் போக வேண்டும். லீட் தொய்வாக இருக்க வேண்டும். நான் இறுக்கிப் பிடித்தால் என் பயம் அதற்குப் போய்விடும். மணந்து பார்க்க மூன்று செக்கன். பிறகு ஒரு சொல்லைச் சொல்ல வேண்டும். சொன்னவுடன் நாய் விலகி என்னிடம் வந்து பிஸ்கற் கேட்க வேண்டும். அந்தச் சொல் எந்தப் பாஷையிலும் இருக்கலாம். நான் "காணும்" என்று வைத்திருக்கிறேன்.

உங்கள் கையெழுத்தைப் பார்த்து எவ்வளவு காலம். பதில் போடுங்கள்.

உங்கள் தங்கை
பெனிற்றா


பாசையூர், யாழ்ப்பாணம்
2 மார்ச் 2024

பெனிற்றாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அந்தோனியார் காவலில் இருக்கிறேன். பிறஷர் குளிசை போடுகிறேன், போட்டாலும் போடாவிட்டாலும் அது தன்பாட்டில் ஏறி இறங்குகிறது. முழங்காலுக்கு நல்லெண்ணெய் காய்ச்சிப் பூசு. அங்கே விற்கிற களிம்பெல்லாம் மணத்துக்குத்தான்.

நாய்க்கு மரியாதை படிப்பிக்க நீ லண்டனுக்குப் போக வேண்டியிருந்தது. இங்கே தெருநாய்கள் ஒருவரும் படிப்பிக்காமலே தங்களுக்குள் கும்பிடு போட்டுக்கொண்டுதான் திரிகின்றன. ஜெயகௌரிக்கு வாசித்துக் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தாள்.

அதுசரி, அந்தச் சொல்லை ஏன் வைத்தாய்? உனக்கு வேறு சொல் கிடைக்கவில்லையா? நீயும் நானும் சண்டை பிடிக்கும்போது நடுவில் வந்து நின்று, இரண்டு கையையும் விரித்து, "காணும், காணும்" என்று சொல்கிறவன் இந்த வீட்டில் ஒருவன்தான். அந்த ஜெறோமுக்குத்தான் நீ பன்னிரண்டு வருடத்துக்கு முன் அங்கே மரணப் பூசை வைத்து, படம் போட்ட அட்டையும் அடித்து எனக்கு அனுப்பினாய். காணாமல் போன தம்பிக்கு. நான் அதைத் திருப்பி அனுப்பினேன். அதைப்பற்றி இப்போது எழுத வரவில்லை. தம்பியின் படம் சுவரில்தான் இருக்கிறது, மாலை இல்லாமல். தெரிந்துகொள்.

குளிருக்குத் தலையை மூடு.

மேரிசாந்தி


நோர்பரி
25 மார்ச் 2024

அன்புள்ள அக்கா,

சுகமாயிருக்கிறீர்கள் என்றறிந்து சந்தோசம். நல்லெண்ணெய் பூசினேன். மில்லி காலை நக்கியே முடித்துவிட்டது.

ஒரு பகிடி சொல்கிறேன். போன சனிக்கிழமை மில்லி லீட்டை உருவிக்கொண்டு வாத்துக்குப் பின்னால் ஓடிவிட்டது. நானும் "காணும்! மில்லி, காணும்!" என்று கத்திக்கொண்டு ஓடுகிறேன். மரத்தடியிலிருந்து ஒரு பெண் தன் குட்டி நாயைத் தூக்கிக்கொண்டு அரக்கப்பரக்க ஓடிவந்தாள். ராஜலட்சுமி என்று பெயர். திருச்சிப் பக்கம், இங்கே ஏதோ வங்கியில் வேலை. வந்த வேகத்தில் என் கையைப் பிடித்து, "யாரைக் காணும்? குழந்தையா?" என்றாள். முகம் வெளிறிவிட்டது அவளுக்கு. நாங்கள் போதும் என்பதற்குக் காணும் என்கிறோம், அவர்கள் ஆள் தொலைந்துவிட்டால் காணும் என்கிறார்கள். பார்த்தீர்களா, ஒரே தமிழ்தான்.

மில்லி தானே திரும்பி வந்து நின்றது. பிறகு கொஞ்ச நேரம் அவளோடு பார்க்கைச் சுற்றி நடந்தேன். அவளுடைய நாயின் பெயர் லட்டு. மில்லி அதைக் கண்டு இரண்டு தரம்தான் குரைத்தது. கொலின் அதையே முன்னேற்றம் என்கிறார்.

ஜெயகௌரியைக் கேட்டதாகச் சொல்லுங்கள். குளிசையை நேரத்துக்குப் போடுங்கள்.

பெனிற்றா


பாசையூர்
14 ஏப்ரல் 2024

பெனிற்றாவுக்கு,

தேவன் துணையில் நலமே. இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. காதுக்கு வைத்த மெசினில் இரைச்சல்தான் வருகிறது. கழற்றி அலுமாரிக்குள் வைத்துவிட்டேன்.

திருச்சிக்காரியின் கதைக்கு நானும் சிரித்தேன். சிரித்து முடித்தபிறகுதான் பார்த்தேன், அவள் கேட்டதை எழுதியிருக்கிறாய், நீ சொன்ன பதிலை எழுதவில்லை. யாரைக் காணும் என்று கேட்டாளே, நீ என்ன சொன்னாய்?

மேரிசாந்தி


நோர்பரி
12 மே 2024

அன்புள்ள அக்கா,

நலமாயிருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். இங்கே இலையெல்லாம் தளிர்த்துவிட்டது. நான் ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டேன்.

ஒன்று எழுதவேண்டும். எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு கிழமை யோசித்தேன்.

பார்க்கின் பின்பக்கம், பிளேன் மரங்களுக்குக் கீழே, களைத்தவர்கள் உட்கார ஒரு நீள வாங்கு இருக்கிறது. இங்கே பார்க் வாங்குகளில் செத்தவர்களின் பெயரைப் பித்தளைத் தகட்டில் வெட்டிப் பொருத்துவார்கள். இந்த வாங்கில் தகடு இல்லை, தகடு இருந்த ஆணித் துளைகள் மட்டும்தான். ஒருவரும் அதில் இருந்து நான் கண்டதில்லை.

மார்ச் மாதத்திலிருந்து மில்லி ஒவ்வொரு காலையும் அந்த வாங்குக்குப் போகிறது. இழுப்பதில்லை. லீட் தொய்ந்து கிடக்கும். நேரே போகாது, வளைந்து, தலையைப் பக்கத்துக்குத் திருப்பிக்கொண்டு, கொலின் சொன்னது அத்தனையும் சொன்னபடி. வாங்குக்கு முன்னால் குந்தி அண்ணாந்து பார்க்கும். ஒரு ஆள் அதில் இருந்தால் முகம் எங்கே இருக்குமோ அந்த உயரத்துக்கு. வால் மெல்ல மெல்ல ஆடும். உயிருள்ள நாய்களிடம் காட்டாத மரியாதை அக்கா, வெறும் வாங்குக்கு. நான் "காணும்" என்று சொல்லும்வரை எழும்பாது. சொன்னவுடன் எழும்பித் திரும்பி வந்து பிஸ்கற் கேட்கும்.

எனக்கு முதல்நாள் முதுகு கூசியது. இப்போது நானும் அந்த வாங்கைப் பார்த்து லேசாகத் தலையாட்டிவிட்டுத்தான் போகிறேன். வலது பக்க ஓரத்தைத்தான் பார்க்கிறது. வாங்கின் ஓரத்தில் ஒரு காலை மடித்து வைத்துக்கொண்டு இருக்கிற பழக்கம் யாருக்கு என்று உங்களுக்குத் தெரியும்.

விசர் என்று நினைக்காதீர்கள்.

பெனிற்றா


பாசையூர்
3 யூன் 2024

பெனிற்றாவுக்கு,

நான் சுகமாக இருக்கிறேன். நீ அதைக் கெடுக்காதே.

மில்லி பார்ப்பது அவனை என்றால் அவன் உயிரோடு இல்லை. அவன் உயிரோடு இருந்தால் உன் நாய் பார்ப்பது காற்றை. இதில் எதை நான் கும்பிட வேண்டும் என்று நினைத்து எழுதினாய்? பூசை வைத்துத் தீரவில்லை என்று இப்போது ஆவியும் கொண்டுவருகிறாயா? வெயில் மழை பாராமல் அவன் படத்தை மடியில் வைத்துக்கொண்டு, பிள்ளைகளைத் தேடுகிற தாய்மாரோடு றோட்டுப் போராட்டத்தில் இருந்தவள் நான். உனக்கு அது என்ன தெரியும்?

இனி அந்த வாங்கைப்பற்றி எழுதாதே.

மேரிசாந்தி


நோர்பரி
1 யூலை 2024

அன்புள்ள அக்கா,

நீங்கள் சுகமாயிருக்க வேண்டும் என்றுதான் எப்போதும் மன்றாடுகிறேன்.

எழுதியதற்கு மன்னியுங்கள். இனி எழுதமாட்டேன். மில்லியின் படிப்பை மட்டும் எழுதுகிறேன். லட்டுவும் அதுவும் இப்போது நல்ல சிநேகிதம். இரண்டும் பக்கம் பக்கமாக நின்று வால் பக்கம் மணந்துவிட்டு, நான் சொல்லைச் சொன்னவுடன் விலகிவிடும். ராஜலட்சுமி வியாழக்கிழமைகளில் புளியோதரை கொண்டுவருவாள். உறைப்பு காணாது, ஆனால் சொல்லவில்லை.

பதில் போடுங்கள் அக்கா.

பெனிற்றா


நோர்பரி
8 செப்ரெம்பர் 2024

அன்புள்ள அக்கா,

இரண்டு மாதமாகத் தபால்காரனைப் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துவிட்டது. ஜெயகௌரிக்குப் போன் எடுத்தேன். கோவிலுக்குப் போகிறீர்கள், மீன் வாங்குகிறீர்கள், என் கடிதங்களை உடைத்து வாசித்து மாதாவின் படத்துக்குப் பின்னால் வைக்கிறீர்கள் என்றாள். அது எனக்குப் போதும். இல்லை, போதாது. கோபமென்றால் கோபமென்று ஒரு வரி எழுதுங்கள்.

மில்லி சோதினை பாஸ். காப்பகத்திலிருந்து ஒரு பெண் வந்து பின்னால் நடந்து பார்த்தாள். எதிரே வந்த மூன்று நாய்களுக்கும் வளைந்து வழிவிட்டு, ஒன்றுக்கு வணக்கமும் சொல்லிவிட்டு வந்தது. இனி அதை என்னிடமிருந்து ஒருவரும் எடுக்கமாட்டார்கள். அந்தப் பெண் போனபிறகு நான் பார்க்கிலேயே அழுதுவிட்டேன். இதை உங்களுக்கல்லாமல் யாருக்குச் சொல்ல?

குளிசையை மறக்க வேண்டாம்.

பெனிற்றா


பாசையூர்
4 நவம்பர் 2024

பெனிற்றாவுக்கு,

உயிரோடு இருக்கிறேன். நாயின் சோதினை பாஸ் ஆனது சந்தோசம். ஒரு மாதம் மழை பிடித்து, முற்றமெல்லாம் வெள்ளம்.

நேற்று முன்தினம் ஆத்துமாக்கள் திருநாள். எல்லோரும் மெழுகுதிரியோடு சேமக்காலைக்குப் போனார்கள். நானும் ஒன்று வாங்கினேன். வாசல்வரைக்கும் போனேன். உள்ளே போய் யாருடைய கல்லறையில் கொளுத்துவது? கொளுத்தாமல் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன். திரி மேசையில் கிடக்கிறது.

உனக்கு ஒன்று எழுதுகிறேன். காணாமல் போனவர்களை விசாரித்த எந்த ஆணைக்குழுவிலும் இதை நான் சொல்லவில்லை.

யுத்தம் முடிந்த கையோடு வட்டுவாகல் பாலத்தடியில் சனத்தோடு சனமாக வரும்போது ஆமிக்காரர் அவனை வேறு வரிசைக்கு மாற்றினார்கள் என்று உனக்குத் தெரியும். நான் அவனுடைய சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவன் என் விரல்களை ஒவ்வொன்றாகக் கழற்றினான். முகத்துக்கு நேரே நின்று ஏதோ சொன்னான். எனக்குக் கேட்கவில்லை, பெனிற்றா. முதல்நாள் பக்கத்தில் ஷெல் விழுந்ததில் இரண்டு காதும் அடைத்திருந்தது. வாய் அசைந்ததை மட்டும் கண்டேன்.

ஒரு சொல்தான். "காணும்" என்று சொல்லியிருக்கலாம், அழுதது காணும் என்று. அல்லது "வாறன்" என்று சொல்லியிருக்கலாம். காணும் என்றால் கடைசியில் உதடு மூடும். வாறன் என்றால் மூடாது. கண்ணாடிக்கு முன்னால் நின்று எத்தனையோ தரம் சொல்லிப் பார்த்துவிட்டேன். அவனுடைய உதடு மூடியதா என்று என்னால் சொல்ல ஏலாது. கண் முழுக்கத் தண்ணீர்.

வாறன் என்று சொன்ன பிள்ளைக்கு நான் எப்படிப் பூசை வைப்பது? அதுதான் அட்டையைத் திருப்பி அனுப்பினேன்.

இப்போது நீ சொல். அந்தத் திருச்சிக்காரிக்கு என்ன பதில் சொன்னாய்?

மேரிசாந்தி


நோர்பரி
24 நவம்பர் 2024

என் அன்புள்ள அக்கா,

கடிதத்தைப் படித்துவிட்டு அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை. சுகம் விசாரிக்கக்கூட எனக்கு இன்று சொல் வரவில்லை.

சொல்கிறேன். அவள் "யாரைக் காணும்?" என்று கேட்டாள். நாயைக் கூப்பிட்டேன் என்று சொல்லிச் சிரித்திருக்கலாம். என் வாய் அதைச் சொல்லவில்லை. "என்ர தம்பியை" என்றது. பூசை வைத்த அதே வாய்தான்.

அவள் நம்பிவிட்டாள். "எந்தப் பக்கம் போனாரு? என்ன சட்டை போட்டிருந்தாரு?" என்றாள். நான் "நீலக் கோடன் சட்டை" என்றேன். கடைசியாக நான் இங்கிருந்து ஆள்மூலம் அனுப்பியது அது. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு தேடத் தொடங்கினாள். நானும் தேடினேன் அக்கா. இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லாமல், ஊஞ்சல் பக்கம், ரெனிஸ் கோர்ட் பக்கம், கழிப்பறைக்குப் பின்பக்கம் எல்லாம் அவனைத் தேடினேன். ஒவ்வொரு மரத்துக்குப் பின்னாலும் எட்டிப் பார்த்தேன். உண்மையாகவே இருப்பான் என்று நினைத்தேன்.

ஒரு சுற்று முடிந்தபிறகுதான், "எப்ப காணாமப் போனாரு?" என்று கேட்டாள். "பதினைஞ்சு வருசம்" என்றேன். அவள் மில்லியின் லீட்டைத் தான் வாங்கிப் பிடித்துக்கொண்டாள். அப்போதுதான் மில்லி அவளையும் கூட்டிக்கொண்டு வளைந்து போய், முதன்முதலாக அந்த வாங்குக்கு முன்னால் குந்தியது.

நான் அவனைச் சாகக் கொடுத்துவிட்டேன் என்றுதான் இவ்வளவு காலமும் நீங்கள் நினைத்திருக்கிறீர்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

பெனிற்றா


பாசையூர்
15 டிசெம்பர் 2024

என் பெனிற்றாவுக்கு,

மழை விட்டுவிட்டது. எனக்கு ஒரு குறையுமில்லை. நீ நேரத்துக்குச் சாப்பிடு. பாலன் பிறப்புக்குத் தனியே இருக்காதே, அந்த ராஜலட்சுமியைக் கூப்பிட்டு உறைப்பாக ஒரு கறி வை.

அவன் அன்றைக்குப் போட்டிருந்தது நீலக் கோடன் சட்டைதான். நான் பிடித்துக்கொண்டு அழுததும் அதைத்தான். உனக்கு நான் ஒருநாளும் சொன்னதில்லை.

உன் மே மாதக் கடிதத்தைத் திரும்ப எடுத்துப் படித்தேன். நாய் அவனுக்கு முன்னால் குந்துகிறது. நீ காணும் என்று சொல்லி எழுப்பிக்கொண்டு போய்விடுகிறாய். ஒவ்வொரு நாளும். அவன் வாய் திறப்பதற்கு முன்னமே நீ அவனுடைய சொல்லைச் சொல்லிவிடுகிறாய்.

எனக்காக ஒன்று செய். ஒருநாளைக்கு நீ வாயைத் திறக்காதே. மில்லி எவ்வளவு நேரம் இருந்தாலும் இருக்கட்டும். எழும்பாவிட்டால் எழும்பாது, அப்படியென்றால் அவன் சொன்னது வாறன் என்று நான் வைத்துக்கொள்கிறேன், சாகும்வரை பார்த்துக்கொண்டிருக்கிறேன். என்ன நடந்ததென்று உள்ளது உள்ளபடி எழுது. கூட்டாதே, குறைக்காதே.

மேரிசாந்தி அக்கா


நோர்பரி
6 ஜனவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

புது வருடத்தில் உங்களுக்கு எல்லா நலமும் கிடைக்கட்டும். நான் சுகம்.

நீங்கள் சொன்னபடி செய்தேன். உள்ளது உள்ளபடி எழுதுகிறேன்.

இன்று காலை நல்ல பனி, புல்லெல்லாம் வெள்ளை. ராஜலட்சுமியும் லட்டுவோடு வந்தாள். அவளிடம் விஷயத்தைச் சொல்லியிருந்தேன். மில்லி வழக்கம்போல வளைந்து போய் வாங்குக்கு முன்னால் குந்தி, வலது ஓரத்தை அண்ணாந்து பார்த்தது. நான் தவறிக்கூடச் சொல்லிவிடக்கூடாது என்று சால்வையை வாய்க்குள் வைத்துக் கடித்துக்கொண்டேன். லீட்டை விரலில் தொங்க விட்டிருந்தேன், இழுக்கவில்லை.

வெகுநேரம் நின்றோம். கால் விறைத்துவிட்டது. ஓடுகிறவர்கள் இரண்டு மூன்று பேர் எங்களைப் பார்த்துக்கொண்டு போனார்கள். லட்டு குளிரில் முனகத் தொடங்கியது, அவள் அதைக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டாள். மில்லி அசையவில்லை. இது எழும்பப்போவதில்லை, அக்காவுக்கு என்னவென்று எழுதப்போகிறேன் என்று நினைத்துக்கொண்டு நின்றேன்.

அப்போது மில்லியின் இரண்டு காதும் ஒன்றாக நிமிர்ந்தன. எழும்பித் திரும்பி நேரே என்னிடம் வந்து, பிஸ்கற் வைத்திருக்கும் பொக்கற்றைப் பார்த்துக்கொண்டு நின்றது. அந்தச் சொல்லைக் கேட்டால் மட்டும் எப்படி வருமோ, அப்படி.

ராஜலட்சுமி, "நீங்க சொன்னீங்களா?" என்றாள். நான் இல்லையென்று தலையாட்டினேன். சால்வை இன்னும் வாய்க்குள்தான் இருந்தது. "நானும் சொல்லலையே" என்றாள். அவளுக்கு ஒன்றும் கேட்கவில்லையாம். எனக்கும் கேட்கவில்லை அக்கா, சத்தியமாகக் கேட்கவில்லை. அன்றைக்கு உங்களுக்குக் கேட்காதது போலத்தான்.

மில்லிக்குப் பிஸ்கற் கொடுத்தேன். பிறகு மூன்று பேருமாக, இல்லை, கோட்டுக்குள் இருந்த லட்டுவோடு நாலு பேருமாக வீட்டுக்கு நடந்தோம்.

மேசையில் கிடக்கிற திரியைக் கொளுத்துங்கள். எங்கே என்று யோசிக்க வேண்டாம், படத்துக்கு முன்னாலேயே கொளுத்துங்கள். கொளுத்திவிட்டு வேண்டுமானால் கொஞ்சம் அழுங்கள். அதற்குப் பிறகு வேண்டாம்.

காணுமாம், அக்கா.

உங்கள் தங்கை
பெனிற்றா